எத்தினி கிலோ?

காலை 5 மணிக்கு எங்கள் அபார்ட்மெண்ட் படிக்கட்டில் இரண்டே பேர்தான் இறங்குவோம். ஒருவர் எதிர்வீட்டு பாய், பள்ளிவாசலுக்குப் போகிறவர். இன்னொருவன் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும் நான். தொழப் போகிறவர் சட்டையில் நாயின் எச்சில் பட்டால் அவர் திரும்ப மேலே போய் மாற்றிக்கொண்டுதான் வரவேண்டும். அதனால் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் முதல் மாடித் திருப்பத்தில் சுவரோடு ஒட்டி நின்று, குட்டியின் மூஞ்சியை என் அக்குளுக்குள் திணித்துக்கொள்வேன். பாய் கைலியைக் கொஞ்சம் கூட்டிப் பிடித்தபடி கடந்து போவார். நாலு படி இறங்கிய பிறகு நின்று திரும்பிப் பார்ப்பார்.

“எத்தினி கிலோ தம்பி?”

“ஆறே கால், பாய்.”

“ம்.” அவ்வளவுதான். இறங்கிப் போய்விடுவார்.

இது ஜனவரியில். அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை கேட்பார், பெரும்பாலும் திங்கட்கிழமை. நான் ஞாயிறுதோறும் எடை பார்ப்பது எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவேன், அப்புறம் அதை இறக்கிவிட்டு நான் மட்டும் ஏறுவேன். கழித்தால் குட்டியின் எடை. என் எடையும் தெரிந்துவிடும் என்பது மட்டும்தான் இந்த முறையில் உள்ள கெடுதல். வந்த எண்ணைச் சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டர் தாளில், ராகுகாலத்துக்குக் கீழே என் மகள் பென்சிலால் எழுதிவைப்பாள். மறுநாள் அம்மா அந்தத் தாளைக் கிழித்து அதில் கடுகு மடித்துவிடுவார். ஆக, என் நாயின் வளர்ச்சிப் பதிவேட்டில் பாதி எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது.

வீடு வேலூர் சத்துவாச்சாரியில், இரண்டாவது மாடி. மொத்தம் 12 வீடு, லிஃப்ட் கிடையாது, எங்கள் வாசலிலிருந்து தெருவுக்கு 36 படி. நாய் லேப்ரடார், ஆண், மஞ்சள் நிறம். சரியாகச் சொன்னால் புது அச்சு வெல்லத்தின் நிறம். மகள் ‘வெல்லம்’ என்றே பெயர் வைத்துவிட்டாள். “நாய்க்கு வெக்கிற பேராடி இது?” என்று அம்மா அன்றைக்கே எதிர்ப்புத் தெரிவித்தார். அடுத்த வாரம் பொங்கலுக்கு “வெல்லம் எங்க வெச்சீங்க?” என்று என் மனைவி கேட்டபோதெல்லாம் அது கட்டிலுக்கு அடியிலிருந்து ஓடி வந்ததில், அம்மா சொன்னதிலும் நியாயம் இருப்பது தெரிந்தது.

எல்லோரும் கேட்டது ஒன்றுதான். அபார்ட்மெண்ட்டில் இவ்வளவு பெரிய நாயா, இடம் பத்துமா? இடம் ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. நாய்க்குட்டி ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் தூங்குகிற ஜீவன். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் நாலுக்கு இரண்டு இடம் கொடுத்தால் போதும், மீதி வீட்டை அது கேட்பதே இல்லை. பெரிய ஜாதி நாயில் (இந்த வார்த்தையை வாயில் எடுக்கக் கூசுகிறது, ஆனால் எங்கள் பக்கத்தில் வேறு வார்த்தை புழக்கத்தில் இல்லை) உண்மையான பிரச்சினை அதன் வேகம். ஆறு கிலோவில் வீட்டுக்கு வருவது ஒரு வருடத்துக்குள் முப்பதைத் தொடப் பார்க்கிறது. அந்த எடையைத் தாங்கவேண்டிய எலும்போ அவ்வளவு சீக்கிரம் முற்றுவதில்லை. லேப்ரடார் அளவுள்ள நாய்க்கு எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சிக் குருத்து மூட ஒன்றே கால், ஒன்றரை வருடம்கூட ஆகும். அதுவரை வளர்க்கிறவன் வேலை பிரேக் பிடிப்பது. எங்கள் கட்டடத்தில் என்னைத் தவிர அத்தனை பேர் காலும் ஆக்ஸிலேட்டரில் இருந்தது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டு விடுகிறேன். வேலூருக்கு லேப்ரடார் பொருந்தாத நாய். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில், ஐஸ் மாதிரி இருக்கிற கடலில் குதித்து மீனவர்களின் வலையை இழுத்த நாய்களின் வம்சம் அது. இங்கிலாந்துக்காரர்கள் கொண்டுபோய் வளர்த்து 1903இல் தனி இனம் என்று பதிவுசெய்தார்கள். கால் விரல்களுக்கு நடுவே நீந்துவதற்குச் சவ்வு, தண்ணீர் ஒட்டாத இரட்டை ரோமம், துடுப்பு மாதிரி வால். இத்தனை ஏற்பாடுகளோடும் அது வந்து சேர்ந்தது, ஆறு உண்டு தண்ணி இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளும் ஊருக்கு. (சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். மற்ற இரண்டும் அப்படியேதான்.) ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வாங்கியிருக்கலாமே, தெருவில் பிறந்த ஒன்றை எடுத்து வளர்த்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. என்னோடு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் வாலாஜாபேட்டையில் வளர்க்கும் நாய் ஏழு குட்டி போட்டது. என் மகள் போய்ப் பார்த்தாள். முடிந்தது கதை.

நானும் விவரம் தெரிந்தவன் மாதிரி, “தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீங்களா?” என்று நண்பரைக் கேட்டேன். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போகும் குறை பரம்பரையாக வரும். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எங்கப்பாவுக்கே இன்னும் எடுக்கல சார்” என்றார். ஐந்தாவது வாரமே, “பால் மறந்துடுச்சு, தூக்கிட்டுப் போங்க” என்றும் சொன்னார். அதில் மட்டும் நான் பிடிவாதம். எட்டு வாரத்துக்குள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கக்கூடாது என்று 2017இல் வந்த மத்திய அரசு விதியே இருக்கிறது. விதியை விடுங்கள், கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயும் கூடப் பிறந்தவையும் கற்றுத் தருவது அந்த மூன்று வாரத்தில்தான். இவன் கற்றுக்கொண்டு வந்தும் என் மணிக்கட்டு ஒரு மாதம் முருங்கைக்காய்ச் சக்கை மாதிரி இருந்தது. கற்றுக்கொள்ளாமல் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயம்.

வந்த முதல் வாரமே மருந்துக்கடையில் கால்சியம் சிரப்பை எடுத்து நீட்டினார்கள். பெரிய நாய் சார், எலும்பு நல்லா வரணும்ல? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நல்ல வேளையாக ஊசி போடப் போன இடத்தில் டாக்டரம்மாவிடம் காட்டினேன். பாட்டிலை வாங்கி மேஜை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, “வளர்ந்த நாய்க்கு வேண்டாத கால்சியத்தைக் குடல்லயே தடுக்கத் தெரியும். ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற குட்டிக்குத் தெரியாது. நீங்க எவ்ளோ ஊத்துறீங்களோ அவ்ளோவும் உள்ள போகும், எலும்பு கோணிக்கும்” என்றார். பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கும் தீவனத்தில் கால்சியத்தை வேண்டிய அளவுக்கு நிறுத்திப் போட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம் என்றார். சத்து கூடினாலும் ஊனம் வரும் என்பதை நம்ப எனக்கே இரண்டு நாள் ஆனது. அம்மா இன்னும் நம்பவில்லை.

அப்புறம் படிக்கட்டு. நார்வேயில் லேப்ரடார் உட்பட நாலு பெரிய இனங்களின் குட்டிகளைப் பிறந்ததிலிருந்து கவனித்து 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்று மாதம் முடிவதற்குள் தினமும் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் குறை அதிகமாக வந்தது. மேடு பள்ளமான மென்மையான தரையில் கயிறில்லாமல் ஓடிய குட்டிகளுக்குக் குறைவாக வந்தது. இதைப் படித்த அன்று 36 படியும் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. மூன்று மாதம் வரை ஒரு படிகூட இறக்கிவிடுவதில்லை, அதற்குப் பிறகும் முடிந்தவரை தூக்குவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த அன்று அவன் ஆறே கால் கிலோ. ஒரு நாளைக்கு ஆறு நடை, ஏற்றமும் இறக்கமும். பிப்ரவரி முதல் வாரம் பத்து கிலோ. மார்ச் தொடக்கத்தில் பதினைந்து. ஐந்து கிலோ அரிசி மூட்டை மூன்றைத் தூக்குவதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், அரிசி மூட்டை காதைக் கடிக்காது.

“பதினஞ்சு, பாய்” என்று நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்ன அன்று அவர் முதல்முறையாக இரண்டாவது கேள்வி கேட்டார். “இன்னும் எத்தினி நாளைக்கி தம்பி?”

வீட்டுக்குள் இன்னொரு எதிரி இருந்தது: தரை. பில்டர்கள் பெருமையாகப் போட்டுக் கொடுக்கும் வழுவழு டைல்ஸ். குட்டி ஓடி வந்து நிற்கப் பார்க்கும், நாலு காலும் நாலு திசைக்குப் போகும், வயிறு தரையில் தட்டும், தவளையை அழுத்தி வைத்த மாதிரி. ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படி விழுந்தால் எந்த இடுப்பு தாங்கும்? கோரைப்பாய் விரித்தேன். இரண்டு நாளில் அதைப் பிரித்து மீண்டும் கோரையாக்கிவிட்டான். கடைசியில் தொழில்தான் கைகொடுத்தது. ஆம்பூரில் ஷூவுக்கு வேண்டிய சாமான் விற்கும் கடைகளில் சோலுக்கான ரப்பர் ஷீட் கிடைக்கும், ஒரு பக்கம் வரிவரியாகப் பிடிப்போடு. அளவு தப்பிய ஷீட்டுகளாகப் பார்த்து எடைக்கு வாங்கி, ஹால் முழுக்கவும் சமையலறை வாசல் வரையும் ஒட்டினேன். வீடு ஷூவின் அடிப்பாகம் மாதிரி ஆகிவிட்டது என்று மனைவி சொன்னார். இருக்கட்டும். அவன் விழவில்லை.

அந்த ரப்பர் இன்னொரு தகராறையும் தீர்த்துவைத்தது. பிப்ரவரி அசோசியேஷன் கூட்டத்தில் கீழ்வீட்டு ஐயா, ரிட்டயர்டு தலைமை ஆசிரியர், எழுந்து நாய் விஷயத்தைக் கிளப்பினார். என் சட்டைப்பையில் இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் பிரிண்ட் இருந்தது. குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிகளுக்குத் தடை போட முடியாது, லிஃப்ட்டில் ஏற்றாதே என்றுகூடச் சொல்ல முடியாது. (நமக்கு லிஃப்ட்டே இல்லை, அது வேறு.) எடுத்து வாசிக்கலாம் என்று கை போனது. ஐயா தடையெல்லாம் கேட்கவில்லை. “ராத்திரி பத்து மணிக்கு மேல தலைக்கு மேல குதிரை ஓடுதுப்பா” என்றார், அவ்வளவுதான். சட்டம் என் பக்கம், சத்தம் அவர் பக்கம். பேப்பரை வெளியே எடுக்கவே இல்லை. ரப்பர் ஒட்டிய பிறகு குதிரை நின்றது. பிரிண்டைக் குட்டி ஒன்றுக்கிருக்க விரிக்கும் பேப்பரோடு சேர்த்துவிட்டேன்.

ஒன்றுக்கு, இரண்டுக்குப் பழக்கியது பற்றி எழுத ஒன்றுமில்லை. தூங்கி எழுந்தால், சாப்பிட்டால், விளையாடினால் உடனே தூக்கிக்கொண்டு போவது. இரவு அலாரம் வைத்து இரண்டு முறை. தப்பு நடந்தால் திட்டாமல் துடைப்பது. ஏழு வாரம் தூக்கமில்லை, முடிந்துவிட்டது. பல் விழுந்து முளைத்த காலமும் அப்படியே. 28 பால் பல் போய் 42 பல் வரும்வரை வீட்டில் உள்ள எல்லாமே தின்பண்டம். கடையில் எலும்பு வடிவத்தில் முறுக்கி விற்கிறார்களே, அதை மட்டும் நான் வாங்கவில்லை. அது என்னவென்று தோல் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும்: சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடி நீக்கிய பச்சைத் தோலின் உள் அடுக்கு. ஊறிக் கழன்ற துண்டை லேப்ரடார் மெல்லாமல் முழுங்கினால் தொண்டையில் அடைக்கும். ஃபிரீசரில் வைத்த கேரட் போதும்.

தடுப்பூசி எல்லாம் முடிகிற வரை தெருவில் இறக்கக்கூடாது, பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் குட்டி பிழைப்பது கஷ்டம். ஆனால் மூன்று மூன்றரை மாதத்துக்குள் உலகத்தைக் காட்டாவிட்டால் பிற்காலத்தில் எதைக் கண்டாலும் மிரளும் நாயாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிதான்: தூக்கிக்கொண்டே ஊர் சுற்றுவது. சாயங்காலம் ஸ்கூட்டரில் மகள் மடியில் அவனை வைத்துக்கொண்டு கிரீன் சர்க்கிள் பக்கம் ஓரமாக நிறுத்துவோம். லாரி, பஸ், ஏர் ஹாரன். கோட்டை அகழி ஓரம் பட்டாணி சுண்டல், பலூன், குதிரை. ஒருநாள் எதிரே சாவு ஊர்வலம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துச் சாவு தெரியும்தானே, மேளமும் ஆட்டமும் பத்தடிக்கு ஒரு சரவெடியும். நான் பதறிப்போய் வண்டியைத் திருப்பப் பார்த்தேன். அவன் மகளின் கைக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி, வண்டியிலிருந்து பிய்த்து வீசிய ஒரு சாமந்திப்பூ எங்கே விழுகிறது என்று மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு அவன் பயப்படாததற்கு அந்தப் புண்ணியவான்தான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறேன், யாரோ எவரோ.

இனி அம்மா.

என் அம்மாவின் அகராதியில் குழந்தைக்கும் குட்டிக்கும் ஒரே இலக்கணம்தான், கொழுகொழுவென்று இருக்கவேண்டும். என்னை அப்படித்தான் வளர்த்தார், விளைவை மெஷினில் பார்க்கலாம். அளவு டம்ளரில் தீவனத்தைத் தலைதட்டி நான் போடுவதைப் பார்க்கவே அவருக்குப் பொறுக்காது. “இன்னாடா இது, விலா எலும்பு எண்ணிடலாம் போல இருக்குது. பார்க்கிறவங்க சோறு போடாத வூடுன்னு நெனைக்க மாட்டாங்களா?”

டாக்டரம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு கணக்கு இருக்கிறது. கையைப் பொத்தி, விரல் முட்டிகளைத் தடவிப் பாருங்கள். நாயின் விலா அப்படிக் கரடுமுரடாக இருந்தால் ரொம்ப ஒல்லி. கையை விரித்து உள்ளங்கையில் விரல்களின் அடிச்சதையைத் தடவுங்கள். அப்படி மெத்தென்று இருந்தால் குண்டு. புறங்கையைத் தடவினால் எலும்பு தெரியும், ஆனால் குத்தாது. விலா அப்படித்தான் இருக்கவேண்டும். இதை அம்மாவுக்குச் செய்து காட்டினேன். அவர் பொறுமையாகத் தன் புறங்கையைத் தடவிப் பார்த்தார், அப்புறம் வெல்லத்தின் விலாவை, அப்புறம் சட்டைக்கு மேலேயே என் விலாவை. “உனக்கு எங்கடா எலும்பு?” என்றார்.

மகள் தன் பங்குக்கு ஓர் ஆய்வைச் சொன்னாள். அமெரிக்காவில் ஒரு நாய்த்தீவனக் கம்பெனி 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்று சாப்பிடுவதில் கால் பங்கு குறைத்து இன்னொன்றுக்குக் கொடுத்துக் கடைசிவரை கவனித்தது. 2002இல் முடிவு வந்தது. குறைவாகச் சாப்பிட்டவை நடு மதிப்பில் 13 வருடம் இருந்தன, மற்றவை 11 வருடத்துக்குக் கொஞ்சம் மேல். மூட்டுத் தேய்மானமும் தாமதமாகத்தான் வந்தது. “பாட்டி, ரெண்டு வருஷம் கூட இருக்கும் பாட்டி.” அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பாவம், அந்த இருபத்தி நாலு நாயிங்க” என்று உச்சுக்கொட்டினார்.

ஏப்ரலில் இரண்டே வாரத்தில் மூன்று கிலோ ஏறியது. வாரம் ஒரு கிலோ ஏறினாலே அந்த வயதுக்கு நன்றாகத்தான் வளர்கிறான் என்று அர்த்தம். தீவனம் அதே அளவு. எனக்குப் புரியவில்லை. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து கண்காணித்தேன். காலையில் அம்மா இட்லிக் குண்டானைத் திறந்ததும் முதல் ஈடில் இரண்டு ஆறவைத்து மேஜைக்கு அடியில் போனது, நெய் தொட்டு. பதினோரு மணிக்கு மூன்றாவது மாடி அக்கா துணி காயவைக்கப் போகும்போது மேரி பிஸ்கட் நாலு. மதியம் பால்காரப் பையன் வந்து நின்று ஒரு வாய் தயிர்சாதம். அன்றைக்கு முதல் வீட்டில் விருந்தாளி, ஆம்பூர் பிரியாணி, இலையோடு எலும்பு மிச்சம் வாசலுக்கே வந்துவிட்டது. நான் பாய்ந்து தடுப்பதற்குள் ஒரு கோழிக்கால் எலும்பு உள்ளே போய்விட்டது. வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும், குடலைக் கிழிக்கும். அன்று இரவு முழுக்க அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, மறுநாள் டார்ச் அடித்து மலத்தைக் கிளறிப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. குதிரை ஓடுகிறது என்று புகார் சொன்ன தலைமை ஆசிரியர் ஐயாவும் தினம் ஒரு ரஸ்க் கொடுத்துவந்தது அப்புறம் தெரிந்தது. அவரும் நோயாளி, நனைத்துச் சாப்பிடும் ரஸ்க்கில் பாதி.

யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் கொடுக்காமல் போக எனக்கே முடிவதில்லை. லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஜீனில் ஒரு துண்டு குறைகிறதாம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2016இல் கண்டுபிடித்தார்கள். சாப்பிட்டு முடித்த நிமிஷமே அது பட்டினி கிடக்கிற பார்வை பார்க்கும், அதில் நடிப்பு எதுவும் இல்லை. அம்மாவிடம் நான் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. “பாரு, நெசமாவே பசிக்குதாம்” என்று பிடித்துக்கொண்டார்.

கட்டடத்திலேயே அவனுக்கு ஒன்றும் கொடுக்காத ஒரே ஆள் பாய்தான். மார்ச் மாதம் நோன்பு நடந்தபோது மட்டும் ஒரு நாள் கேட்டார். விடிவதற்கு முன் சாப்பிடும் சஹருக்காக நாலு மணிக்கே அவர்கள் வீட்டில் பாத்திரச் சத்தம் கேட்கும், அதைக் கேட்டு இவனும் எழுந்துவிடுவான், அவனால் நான். சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து வரும் நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் எங்கள் வீட்டுக்கும் வரும். வாளியை என் கையில் கொடுத்துவிட்டு, இடுக்கில் தெரிந்த மூக்கைப் பார்த்து, “அதுக்குக் கொஞ்சம் ஊத்தலாமா தம்பி, ஒண்ணும் செய்யாதே?” என்றார். வெங்காயமும் பூண்டும் நாய் ரத்தத்தின் சிவப்பணுவை உடைத்துவிடும் என்று சொன்னேன். “அப்ப வேணாம்” என்றார் உடனே. அவ்வளவு லேசாக ‘வேணாம்’ சொன்னவர் இந்தக் கட்டடத்திலேயே அவர் ஒருவர்தான்.

மார்ச் கடைசியில், பதினேழரை கிலோவில், தூக்குவதை நிறுத்தினேன். என் முதுகுதான் முடிவெடுத்தது. நெஞ்சுப் பட்டை மாட்டி, ஒவ்வொரு படிக்கும் நிறுத்தி, ‘மெதுவா’ என்று சொல்லி, முதல் நாள் 36 படி இறங்கப் பதினோரு நிமிஷம் ஆனது. திருப்பத்தில் பாய் வரும்போது சுவர் ஓரமாக உட்காரவேண்டும் என்பதையும் சேர்த்தே பழக்கினேன்.

பிறகு வந்தது எங்கள் வெயில். மே மாதம் 40 டிகிரி தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தள்ளவேண்டும். காலை 5 மணிக்கு ஒரு நடை, இரவு எட்டரைக்கு ஒரு நடை. அப்போதும் தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஐந்து வரை எண்ணிப் பார்ப்பேன். சுட்டால் திரும்பிவிடுவோம். மொட்டை அடித்துவிடுங்கள் என்றார்கள், அந்த இரட்டை ரோமம்தான் வெயிலையும் தடுக்கிறது என்று விட்டுவிட்டேன். இதில் வேடிக்கை, ஐந்து மாதமாக நான் சண்டை போட்ட அந்த வழுவழு டைல்ஸ்தான் வெயிலில் அவனைக் காப்பாற்றியது. ஹால் மூலையில் இரண்டு ரப்பர் ஷீட்டைப் பிய்த்தெடுத்து வெறும் தரை விட்டேன். மதியம் முழுக்க வயிற்றை அதில் ஒட்டிக் கிடப்பான்.

ஞாயிறு விடியற்காலை பாலாற்றுக்குப் போவோம். நார்வேக்காரர்கள் சொன்ன மேடு பள்ளமான மென்மையான தரை வேலூரில் வேறு எங்கே இருக்கிறது? நீந்தப் பிறந்த நாய் தண்ணீரில்லாத ஆற்று மணலில் நீளக் கயிற்றோடு ஓடுவதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், என்னவோ போலவும் இருக்கும். முதலில் நான் இறங்கி பாட்டில் சில்லும் கருவேல முள்ளும் பொறுக்குவேன். குட்டையாகத் தேங்கிய தண்ணீரில் வாய் வைக்க விடமாட்டேன். இந்த ஆற்றில் தோல் கழிவு என்ன செய்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் சம்பளமும் அந்தத் தோலிலிருந்துதான் வருகிறது, அதனால் இதற்கு மேல் பேச எனக்கு வாய் இல்லை. வீட்டுக்கு வந்ததும் காது மடல், விரல் இடுக்கு எல்லாம் உண்ணி தேடுவது மகளின் வேலை.

ஜூனில் ஒரு நாள் முன்னங்கால், இடது, நொண்டினான். ‘கால்சியம் குடுக்கல, பார்த்தியா’ என்று அம்மா சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நாலு நாளில் சரியானது, அடுத்த வாரம் வலது பின்னங்கால். நான் நடுங்கிப்போனேன். டாக்டரம்மா எக்ஸ்ரே பார்த்துவிட்டு, கால் மாறி மாறி நொண்டினால் பெரும்பாலும் வளர்ச்சி வலிதான், பெரிய குட்டிகளுக்கு இந்த வயதில் வரும், போய்விடும் என்றார். இடுப்புப் படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பந்து கிண்ணத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இதுல சதையே தெரியலையே” என்றார்.

ஆனாலும் அன்றிலிருந்து மேஜைக்கு அடியில் இட்லி போவது நின்றது. ஊற்றிய இட்லியை வீணாக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அந்த இரண்டும் என் தட்டுக்கு வர ஆரம்பித்தன, நெய் தொட்டு. இங்கே நான் கவனிக்கத் தவறியது என்னவென்றால், தினமும் ஆறு நடை பதினேழு கிலோ தூக்கி மாடி ஏறியவன் அதையும் மார்ச்சிலேயே நிறுத்தியிருந்தேன்.

ஆகஸ்டில் பாய் முழங்கால் வலி என்று மகள் வீட்டுக்கு ஆம்பூர் போனார். மூன்று மாதம் எதிர்வீடு பூட்டியே இருந்தது. தினமும் 5 மணிக்கு நானும் வெல்லமும் இறங்குவோம். முதல் மாடித் திருப்பம் வந்ததும் அவன் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வான். யாரும் வரவில்லைடா, எழுந்திரு என்றால் ஒரு நிமிஷம் மேலே பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

போன வாரம் திங்கட்கிழமை மேலே செருப்புச் சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தார். வெல்லம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான், வால் மட்டும் தரையைப் பெருக்கியது. கைலியைக் கூட்டிப் பிடித்தபடி கடந்து, நாலு படி இறங்கி, நின்று திரும்பினார்.

“எத்தினி கிலோ தம்பி?”

“இருபத்தொன்பது, பாய்.”

நாயைப் பார்த்தார். அப்புறம் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“நீங்க?”